மூன்றாவது கை

சீனித்தம்பி போன மாதம் சொன்ன பொய்யை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்காகவும், இன்றைக்குத்தான் இந்த வீட்டுக்குள் காலடி வைப்பவர்களுக்காகவும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கட்டார் வேலைக்கு நேர்முகம் என்று கொழும்புக்குப் போயிருந்தான் மகன் லக்ஷன். அவனைத் திருப்பி எடுக்க அப்பனுக்கு வேறு வழி தெரியவில்லை. "சிவப்பிக்கு ஏலாமப் போயிற்று, உடன வா" என்று போன் எடுத்தார். சிவப்பி வீட்டுப் பசு. லக்ஷன் அதைக் கன்றிலிருந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவன். விழுந்தடித்து ஓடி வந்து பார்த்தால், சிவப்பி வேம்பின் கீழே சொகுசாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அன்றோடு அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றது. நேர்முகம் இன்னொரு நாள் நடந்தது. விசாவும் வந்தது. "எனக்கு மாடும் வேணாம், வட்டையும் வேணாம்" என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டான் பையன். அந்த வட்டையில் மூன்று தலைமுறையாக நெல் விதைத்த குடும்பம் என்பதுதான் சீனித்தம்பியின் ஒரே வாதம். அந்த வாதம் விசாவுக்கு முன்னால் எடுபடவில்லை.

இன்று காலை ஆறு மணிக்கு ஏஜென்சி வான் வந்து வெல்லாவெளி வீட்டு வாசலில் நின்றது. சீனித்தம்பி வாசலுக்கு வரவில்லை. மாட்டுக்கொட்டிலில் நின்றார்.

வீம்பு பாதி. மீதி, சிவப்பி. நேற்றுப் பின்னேரத்திலிருந்து அது வைக்கோலில் வாய் வைக்கவில்லை. வாயிலிருந்து வீணி கயிறாகத் தொங்கியது. இந்த முறை உண்மையாகவே அதற்குச் சுகமில்லை. ஆனால் மகன் பயணம் போகிற காலையில் வாசலுக்கு வந்து "சிவப்பிக்கு ஏலாது" என்று அவர் எந்த முகத்தோடு சொல்வார்? வாயை மூடிக்கொண்டு உள்ளேயே நின்றார்.

அவருக்குக் கேட்கட்டும் என்றே லக்ஷன் குரலை உயர்த்தினான். "அம்மா, நான் போறன்."

பயணம் போகிற ஆள் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வதில்லை. கடைக்குப் போகிறவன்கூட "வாறன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவான்.

"வாறன் எண்டு சொல்லு மனே" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"போறன் எண்டுதான் சொன்னன்."

வான் கதவு சாத்திக்கொண்டது. கொட்டிலுக்குள் நின்ற சீனித்தம்பிக்கும் அந்தச் சொல் கேட்டது.

*

வான் போன கையோடு அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிவப்பியின் வாயைத் திறந்தார். இது பனம்பழக் காலம். வட்டைக் கரையில் விழுந்த பழத்தைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் தொண்டையில் சிக்கவைத்துக்கொள்ளும் மாடுகள் வருடத்துக்கு நாலைந்து இருக்கும். கையை விட்டுத் துழாவினார். எதுவும் அகப்படவில்லை. அவருடைய கை மண்வெட்டி பிடித்துத் தடித்த கை. மணிக்கட்டுக்கு மேலே போகவில்லை.

மூத்த மகள் தனுஷா முன்பள்ளியில் படிப்பிக்கப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டார்.

"உன்ர கை சின்னக் கை. நீ போட்டுப் பாரு புள்ள."

அவள் முகத்தைச் சுளித்தாலும் மறுக்கவில்லை. முழங்கை வரை விட்டுத் தேடினாள். சிவப்பி திமிறியபோது கடைவாய்ப் பல் அவளுடைய புறங்கையைக் கீறியது. கொட்டை இல்லை. கொழகொழவென்ற எச்சிலோடு கையை எடுத்துச் சட்டியிலிருந்த தண்ணீரில் கழுவினாள்.

அதன் பிறகுதான் சிவப்பி கத்தத் தொடங்கியது. அது அதன் குரலே இல்லை. கம்மிப்போய், பாதியில் உடைந்து, திரும்பத் திரும்ப வந்தது. சீதேவிப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டாள். சீனித்தம்பி மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தார்.

ஒன்பதரைக்கு டொக்டர் முப்லிஹா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். போன வருடம் இதே சிவப்பி கன்று போட முடியாமல் கிடந்தபோது, தோள் வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்த டொக்டர். சேறு, சாணி எதற்கும் அருவருக்காத பெண்.

இன்றைக்கு அவர் கொட்டில் வாசலோடு நின்றுவிட்டார். சிவப்பியைப் பார்த்தார். அதன் கண் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது, பின்கால்கள் தள்ளாடின, அப்பால் கன்று குரல் கொடுத்ததும் தூணைப் போய் முட்டியது. டொக்டர் ஓர் அடி பின்னால் வைத்தார். அந்த ஓர் அடியைக் கண்டதும் சீனித்தம்பிக்கு முதன்முதலாகப் பயம் பிடித்தது.

"எத்தின நாளா ஐயா?"

"நேத்துப் பின்னேரம் இருந்து தின்னல்ல டொக்டர். பனங்கொட்டை சிக்கியிருக்கு."

"சிக்கினதைக் கண்டீங்களா?"

"காணல்ல."

"ரெண்டு மாசத்துக்குள்ள நாய் ஏதும் கடிச்சதா?"

"இல்ல" என்று உடனே சொன்னார். சொன்ன பிறகு நினைவு வந்தது. ஆடி அமாவாசைக்குக் கிட்ட சிவப்பி பின்காலில் காயத்தோடு மேய்ச்சலிலிருந்து வந்தது. முள்ளுக்கம்பி கிழித்திருக்கும் என்று மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிவிட்டார். காயம் நல்லாக ஆறிற்று. மறந்துபோயிருந்த அதை இப்போது டொக்டரிடம் சொன்னார்.

"அந்தக் கிழமைதான் வட்டைக்குள்ள ஒரு விசர் நாயை அடிச்சவங்க" என்றாள் சீதேவிப்பிள்ளை. சொல்லி முடித்த பிறகே தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது.

டொக்டர் முப்லிஹா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "இதுக்குப் பேரு நீர்வெறுப்பு நோய். விசர் நாய் கடிச்சு வாறது, எச்சிலால தொத்தும். எனக்கு அந்தச் சந்தேகம்தான் ஐயா. இப்ப உண்மையச் சொல்லுங்க. வாய்க்குள்ள கை போட்ட ஆள் ஆர்?"

மாடு வீணி வடித்து விழுங்க முடியாமல் நின்றால், வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு யோசனை மாடு வளர்க்கிறவனுக்கு வராது. இந்த நோயும் அதைத் தெரிந்து வைத்திருப்பதுபோல முதலில் தொண்டையைத்தான் பிடிக்கிறது.

சீனித்தம்பி தன் கையைப் பார்த்தார். பிறகு மகளின் கையைப் பார்த்தார். அதில் கீறல் சிவந்து கிடந்தது.

"நான்" என்றார். "மறுகா, இவள்."

*

சவர்க்காரம் போட்டுக் கால் மணித்தியாலம் கழுவ வேண்டும் என்றார் டொக்டர். பைப்படியில் அப்பனும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் குந்திக் கழுவினார்கள். டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தனுஷா அழவில்லை. வருகிற தையில் அவளுக்குக் கல்யாணம். முகூர்த்தச் சீலைகூட எடுத்தாயிற்று. 'சின்னக் கை' என்று தான் சொன்னது சீனித்தம்பிக்குத் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. போன மாதம் வாய் கூசாமல் சொன்ன பொய்தான் இப்படி உயிர்பெற்று வந்து நிற்கிறது என்று அவர் நம்பினார். பகுத்தறிவு பேசுகிற நேரமா அது?

"மாட்டுக்கு மருந்து?" என்று கேட்டார்.

"இல்ல ஐயா. ரெண்டு மூணு நாள்தான். உங்க ரெண்டு பேருக்கும் இரிக்கி. நோய்க்குறி தெரியிறதுக்கு முன்ன ஊசி போட்டா காப்பாத்தலாம். குறி தெரிஞ்ச பிறகு எந்த ஆஸ்பத்திரியிலயும் ஒண்டும் செய்ய ஏலா."

"தண்ணியாவது வைக்கட்டா?"

"தொண்டையில இறங்காது. கிட்டப் போகாதீங்க. நிழலும் அமைதியும்தான் இனி அதுக்கு மருந்து. வெளிச்சம் படாம மறைச்சுக் கட்டுங்க, சத்தம் போடாதீங்க."

நீளக் கம்பில் சுருக்குப் போட்டு, எட்ட நின்றே இன்னொரு கயிற்றை மாட்டிச் சிவப்பியை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். கன்றைத் தூரக் கொண்டுபோய் அதற்கும் மற்ற இரண்டு மாடுகளுக்கும் டொக்டர் ஊசி போட்டார். பால் காய்ச்சித்தான் குடித்தோம் என்றதும், அப்படியென்றால் பயமில்லை என்று தலையை ஆட்டினார். சீதேவிப்பிள்ளை யாரையும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து தன் பழைய சீலைகளை எடுத்து வந்து கொட்டிலைச் சுற்றிக் கட்டத் தொடங்கினாள். உள்ளே இருட்டானதும் சிவப்பியின் கத்தல் கொஞ்சம் தணிந்தது.

டொக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு சீனித்தம்பி மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

*

எங்கள் ஊர் இருக்கிற படுவான்கரையிலிருந்து களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்குக் கிட்டிய வழி, மண்டூரில் வாவியைக் கடப்பது. ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகிற அந்தத் தட்டைப் படகுக்கு இங்கே பெயர் 'பாதை'. பாதை அன்றைக்கு ஊர்ந்துதான் போனது. ஊர்ந்தது என்று சீனித்தம்பிக்குத் தோன்றியது.

தனுஷா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றாள். கண்ணை எடுக்கவில்லை.

"என்ன புள்ள?"

"தண்ணியைப் பாக்கப் பயம் வருதா எண்டு பாக்கிறன்."

அவர் அவசரமாகத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். ஒரு மிடறு வாயில் எடுத்தாள். விழுங்கப் போனாள். புரையேறி அத்தனையும் வெளியே வந்தது. போத்தல் கைதவறி உருண்டது.

"அப்பா, இறங்குதில்ல."

சீனித்தம்பி எட்டிக் குனிந்தார். போத்தலை எடுத்துத் தானும் குடித்துப் பார்த்தார். அவருக்கும் அடைத்தது. அக்கரை வருமட்டும் இருவரும் ஆளுக்கொரு மிடறாக, மருந்து குடிப்பதுபோல, விழுங்கி விழுங்கிப் பார்த்தார்கள். மூன்றாவது மிடறு இறங்கியது. பயம்தான் தொண்டையை அடைத்தது என்று அவர்களுக்குச் சொல்ல அங்கே ஆளில்லை.

அப்போதுதான் தனுஷா அதைச் சொன்னாள்.

"அப்பா. ரெண்டு கை இல்ல. மூணு கை."

"என்ன?"

"நேத்துப் பின்னேரம் நீங்க வட்டையில நிக்கக்குள்ள தம்பி கொட்டிலுக்க போனவன். சிவப்பி வீணி வடிக்கிறதைக் கண்டிற்றுக் கையைப் போட்டுப் பாத்தவன். நான் பைப்படியில கண்டன். 'அப்பாட்டச் சொல்லாத அக்கா, மாட்டை விட்டிற்றுப் போக ஏலாமக் கிடக்கிறன் எண்டு நினைச்சிருவார்' எண்டான்."

சீனித்தம்பி போத்தலை மூடினார்.

"அவன்ர விரல்ல காயம்" என்றாள் தனுஷா. "பெட்டி கட்டக்குள்ள கத்தி வெட்டினது."

மாடும் வேணாம் என்று ஊருக்கே கேட்கச் சொன்னவன், வெட்டுக் காயத்தோடு அதே மாட்டின் வாய்க்குள் கையை விட்டிருக்கிறான். இதைக் கேட்டுச் சந்தோசப்பட வேண்டிய அப்பன், பாதையை வேகமாக விடச் சொல்லிக் கத்தினார்.

அக்கரையில், குருமன்வெளியில் இறங்கியதும் தனுஷா தம்பிக்குப் போன் எடுத்தாள். லக்ஷன் எடுத்தான். வான் தம்புள்ளை தாண்டிவிட்டதாம். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் வந்தது, கடிதம், ஊசி எல்லாம்.

"உன்னையும் கூட்டுச் சேத்திற்றாரா அக்கா?"

"தம்பி, சத்தியமா..."

"கொட்டை சிக்கினா வீணி வடியும்தான். போன மாசமும் இதே சிவப்பி. இந்த முறை விசராம். அவர்ட்டச் சொல்லு, இனி நான் திரும்ப மாட்டன்."

சீனித்தம்பி போனைப் பறித்தார். "மகன், நான் அப்பா..." அதற்குள் தொடர்பு அறுந்தது. பிறகு எடுத்தால் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பினாள் தனுஷா. போய்ச் சேராமல், ஒற்றைச் சரிக்குறியோடு அது அங்கேயே நின்றது.

*

ஆஸ்பத்திரியில் தனுஷாவின் காயத்தைச் சுற்றியும் இருவருக்கும் தோளிலும் ஊசி போட்டு, காயத்துக்கு மெல்லிய கட்டுப் போட்டார்கள். அடுத்த ஊசிகளுக்கு வரவேண்டிய நாட்களை அட்டையில் எழுதினார்கள். தண்ணீர் இறங்காத கதையைத் தனுஷா சொல்லிக் கேட்டபோது ஆஸ்பத்திரி டொக்டர் லேசாகச் சிரித்தார். "இந்த நோய் ஒரு நாளையில வாறதில்ல தங்கச்சி. நீங்க நேரத்துக்கு வந்திற்றீங்க. அது பயம்."

தாதி பேனையோடு கேட்டாள். "வேற ஆரும் மாட்டின்ர வாயத் தொட்டீங்களா?"

"மகன்" என்றார் சீனித்தம்பி.

"எங்க அவர்?"

"போயிற்றான்."

தாதியின் பேனை நின்றுவிட்டது. "வெளிநாட்டுக்கு" என்று தனுஷா அவசரமாகச் சொன்னாள்.

"இண்டைக்கே தொடங்கினா நல்லம்" என்றார் டொக்டர். "கொழும்புப் பக்கம் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலயும் போடலாம். கட்டார்லயும் போடலாம், ஆனா போனவுடன போடோணும். போடாம மட்டும் விடக் கூடா."

கட்டாரில் புதிதாகப் போய் இறங்குகிற ஆள், எனக்கு விசர்மாட்டு எச்சில் பட்டது என்று வாய் திறப்பானா? திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மறைப்பான். அதுவும், அப்பன் சொன்னது பொய் என்று நினைத்துக்கொண்டு போகிறவன் நிச்சயமாகச் சொல்ல மாட்டான். ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து, அங்கே ஓர் அறையில், தண்ணீர் இறங்காமல் அவன் நிற்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? சீனித்தம்பியால் அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

நாலு மணியாயிற்று. தங்களுடைய இரண்டு இலக்கத்தையும் அவன் எடுக்க மாட்டான். சீனித்தம்பி வாசலில் நின்ற காவலாளியிடம் போய்ப் போனை இரந்து கேட்டார்.

இரண்டாவது மணிக்கே எடுத்தான். "ஹலோ, ஆரு?"

"மகன், வைச்சிராத. உன்னை மறிக்க எடுக்கல்ல."

பின்னால் ஏதோ அறிவிப்பு மூன்று பாஷையில் ஓடியது. எயார்போட்டில் நிற்கிறான்.

மூன்று மாதமாக வீட்டில் எல்லாரும் இவர் வாயிலிருந்து எதிர்பார்த்த சொல் ஒன்று உண்டு. மனைவி அழுது கேட்டாள், மகள் கெஞ்சிக் கேட்டாள். வராத அந்தச் சொல் இப்போது வந்தது.

"நீ போ மகன்."

தனுஷா நிமிர்ந்து பார்த்தாள்.

"கட்டாருக்குப் போ. நல்லா இரு. நான் வாசலுக்கு வராம நிண்டது பிழை. போன மாசம் பொய் சொன்னதும் பிழை. ஆனா அந்தக் கை... அங்க இறங்கின உடன ஆஸ்பத்திரியில சொல்லி ஊசியப் போடு. வேலைய விட்டு அனுப்பினாலும் பரவால்ல. இதை மட்டும் கேளு."

"அப்பா."

"ஓம்."

"நீங்களா என்னைப் போ எண்டு சொல்றீங்க?"

"ஓம் மகன். நான்தான்."

வா வா என்று கூப்பிட்டபோதெல்லாம் நம்பாதவனை, போ என்ற அந்த ஒரு சொல் நம்பவைத்துவிட்டது. அடுத்து வந்த குரல் இருபத்திரண்டு வயதுக்காரனுடைய குரலாக இல்லை.

"அப்ப, உண்மைதானா?"

"உண்மை."

"அக்காவுக்கு?"

"போட்டாச்சு. எனக்கும் போட்டாச்சு."

"சிவப்பி?"

"அம்மா சீலை கட்டி மறைச்சிருக்கா. வெளிச்சம் படக் கூடாதாம்" என்றார்.

"அப்பா, என்ர விரல்ல பிளாஸ்டர் ஒட்டியிருந்தன். கையை வெளிய எடுக்கக்குள்ள பிளாஸ்டர் இல்ல. அது உள்ளுக்க கழண்டு போயிற்று."

சீனித்தம்பி கண்ணை மூடிக்கொண்டார். "எத்தின மணிக்கு பிளேன்?"

"இப்ப உள்ளுக்க போகச் சொல்றாங்க. பாஸ்போட் ஏஜென்சிக்காரன்ர கையில கிடக்கு. என்ர பேரைக் கூப்பிடுறான்." யாரோ சிங்களத்தில் அதட்டுவது கேட்டது. லக்ஷன் எட்டத் திரும்பி ஏதோ பதில் சொன்னான். பிறகு வாயைப் போனுக்குக் கிட்டக் கொண்டு வந்து சொன்னான்.

"அப்பா, வாறன்."

தொடர்பு நின்றது.

காலையிலிருந்து சீனித்தம்பி ஏங்கிக் கிடந்த சொல் அது. போறன் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளை, வாறன் என்று சொல்லிவிட்டான். அவருக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோளில் ஊசி போட்ட இடம் வலிப்பதுகூடத் தெரியவில்லை.

"என்ன சொன்னான் அப்பா?" என்றாள் தனுஷா.

"வாறன் எண்டான்."

"திரும்பி வாறானா, பிளேன் ஏறப் போறானா?"

சீனித்தம்பியின் முகம் மாறியது. மறுபடி இலக்கத்தை அழுத்தினார். போன் நிறுத்தப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் மூன்று பாஷையில் சொன்னது. காவலாளி போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். சீனித்தம்பி கொடுக்காமல் இன்னொரு முறை அழுத்தினார். அதே பெண் குரல்.

தனுஷா கட்டுப் போட்ட கையால் அவருடைய முழங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்த வாறன் அப்பா?"

அவருக்குத் தெரியவில்லை.